அம்மாவின் நாலு கேசட்டும் ஆமை வேக டவுன்லோடும்



இந்த முறை பழைய அலுவலகக் கதை எதுவும் இல்லை. போன ஐப்பசியில் வீட்டுக் கம்ப்யூட்டரோடு ஆறு நாள் மல்லுக்கட்டிய கதை. நம் வயதுக்காரர்கள் பலரும் "நெட்டு ரொம்ப ஸ்லோ" என்று புலம்புவோம், மோடத்தை ஒரு தட்டுத் தட்டுவோம், அப்புறம் விட்டுவிடுவோம். நானும் அப்படி இருந்தவன்தான். இந்தத் தடவை விட முடியவில்லை. வந்து சேர வேண்டியிருந்தது என் அம்மாவின் குரல்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. நான் பிறந்தது காரைக்காலில், 1950-இல். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள் என்றாலும், சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடந்தது. ஆகவே என் பள்ளிக்கூடம் பிரெஞ்சு மீடியம். வாத்தியாரை 'முசே' என்று கூப்பிடுவோம். கணக்கும் பிரெஞ்சில்தான், திட்டும் பிரெஞ்சில்தான்.

1962-இல் இணைப்பு ஆனபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுப்பவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. எனக்கு ஏழு வயது மூத்த அண்ணன் எழுதிக் கொடுத்தான். பிறகு பம்பாயில் கப்பலேறி மார்செய் போய் இறங்கி, பட்டாளத்தில் சேர்ந்தான். நான் இந்தப் பக்கமே தங்கி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தரானேன். 1973-இல் போடிக்கு மாற்றலாகி வந்தேன், இங்கேயே பெண் எடுத்தேன், 2010-இல் ஓய்வு பெற்று இங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அண்ணன் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி வந்து கொடுத்தான். கடிதத்துக்குப் பதில் கேசட். அவன் பேசி அனுப்புவான், அம்மா பேசி அனுப்புவாள். வெளிநாட்டில் பிள்ளை இருந்த வீடுகளில் அந்தக் காலத்தில் இது சகஜம். அம்மா 1991-இல் காலமானாள். அண்ணனும் போன வருஷம் போய்விட்டான்.

அண்ணன் வீட்டைக் காலி செய்யும்போது, அவன் மகனுக்கு ஒரு பிஸ்கட் டப்பாவில் நாலு கேசட் கிடைத்திருக்கிறது. எல்லாம் அம்மா பேசியது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரே கட்டாகக் கட்டி, எனக்கு ஒரு லிங்க் அனுப்பினான். கூடவே ஒரு வரி: "சித்தப்பா, இந்த லிங்க் ஏழு நாளைக்குத்தான் இருக்கும். அதுக்குள்ள எடுத்துக்குங்க."

ஏழு நாள். எவ்வளவோ தாராளம் என்று நினைத்தேன்.

முதல் நாள் சாயங்காலம் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் "இன்னும் 2 மணி நேரம் 13 நிமிஷம்" என்று காட்டியது. சரி என்று காப்பி குடிக்கப் போனேன். முக்கால் மணி நேரத்தில் ஒரு இடி, கரண்ட் போனது. திரும்ப வந்தபோது எல்லாம் ஆரம்பத்திலிருந்து. இரண்டாம் நாள் 66 சதவீதத்தில் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் மறுபடி முயன்றேன். அன்றும் முக்கால்வாசிக்கு முன்னால் நின்றது.

இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். "நாற்பது எம்பி வேகம்னு காசு வாங்குறீங்க, வர்றது என்னமோ சொட்டுச் சொட்டா வருது" என்றேன். புகார் எண் கொடுத்தார்கள்.

அன்று இரவு என் மைத்துனர் போடிமெட்டுப் பக்கத்து ஏலத்தோட்டத்திலிருந்து வந்திருந்தார். நான் புலம்புவதைக் கேட்டுச் சிரித்தார். "அத்தான், எங்க தோட்டத்துல மஞ்சு இறங்குச்சுன்னா போன்ல மணி பாக்கறதுக்கு மட்டும்தான் ஆகும். ஒரு வாட்ஸப் வரணும்னா ஸ்டோருக்கு மேல இருக்கிற பாறையில ஏறி நிக்கணும். நீங்க கட்டில்ல உக்காந்துக்கிட்டு அலுத்துக்கிறீங்க" என்றார். மதுரை–போடி ரயிலை அகலப்பாதையாக்க 2011 தொடக்கத்தில் நிறுத்தி, 2023 ஜூனில்தான் திரும்ப விட்டார்கள். பன்னிரண்டு வருஷம் பொறுத்த ஊருக்கு இரண்டு மணி நேரம் பெரிதா என்றார். அந்த ரயிலுக்கு ஏழு நாள் கெடு இல்லையே என்றேன் நான்.

நாலாம் நாள் லைன்மேன் தம்பி வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். நான் மூச்சு விடாமல் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பதில் சொல்லாமல், தன் மடிக்கணினியை எடுத்து, மோடத்தில் நேராக ஒரு கேபிளைச் செருகி, வேகத்தை அளந்து காட்டினார். 38. அப்புறம் அதே மடிக்கணினியைப் பின்கட்டு அறையில் என் மேசைக்குக் கொண்டுபோய், வைஃபையில் அளந்தார். 3.

"அய்யா, வாசல் வரைக்கும் தண்ணி நல்லாத்தான் வருது. உங்க வீட்டுக்குள்ளதான் குழாய் சின்னது" என்றார்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் மூளையும் அப்போதுதான் விழித்தது. இத்தனை நாள் நான் கேட்டது "ஏன் ஸ்லோ?" என்று. கேட்டிருக்க வேண்டியது "எந்த இடத்தில் ஸ்லோ?" என்று.

போடிக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் மூணாறுத் தேயிலை எப்படி இறங்கியது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளப் பள்ளத்தாக்கில் சின்ன ரயில். டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிக்கு ரோப்வே. அங்கிருந்து போடிக்கு வண்டிப் பாதை. 1908-இல் மேலே ரயில் விட்டார்கள். 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. அந்த ரயில் எவ்வளவு வேகமாக ஓடினாலும், ரோப்வே ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி இறக்குமோ அத்தனைதான் கொட்டகுடிக்கு வரும். வண்டி மாடு எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான் போடிக்கு வரும். இன்டர்நெட்டும் அப்படித்தான். பிரான்ஸிலிருந்து என் மேசை வரை பல கட்டம். எது குறுகலோ அதுதான் மொத்த வேகம். ஆகவே ஒவ்வொரு கட்டமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நாலையும் ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

நான் கண்டுபிடித்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. அண்ணன் மகன் கோப்பின் அளவை "2,4 கோ" என்று எழுதியிருந்தான். பேத்தி பார்த்துவிட்டு, "எங்க போகச் சொல்றாரு தாத்தா?" என்றாள். அது பிரெஞ்சு முறை. அவர்கள் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள். 'கோ' என்பது ஜிகா ஒக்தே என்பதன் சுருக்கம். நாம் பைட் என்பதை அவர்கள் ஒக்தே என்பார்கள், எட்டின் தொகுதி என்று அர்த்தம். அந்த ஒரு சொல் என் பாதி குழப்பத்தைத் தீர்த்தது. நிறுவனம் விற்பது பிட் கணக்கில். கோப்பு இருப்பது பைட் கணக்கில். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, 40 மெகாபிட் இணைப்பில் ஒரு விநாடிக்கு அதிகபட்சம் 5 மெகாபைட்தான் வரும். கம்ப்யூட்டரில் 5 என்று காட்டினால் யாரும் நம்மை ஏமாற்றவில்லை. 2,400 மெகாபைட்டுக்கு அந்தக் கணக்கில் எட்டு நிமிஷம். எனக்கு வந்தது விநாடிக்கு 0.3. அதுதான் இரண்டே கால் மணி நேரம்.

அடுத்து வைஃபை. என் மோடம் முன்ஹாலில், இரும்பு பீரோவின் தலையில், சுவரோரமாக இருந்தது. நடுவில் இரண்டு பழங்காலச் சுவர், ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். வைஃபையில் இரண்டு அலைவரிசை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு, மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால்கூடத் தடுமாறும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனத்த சுவரைக் கண்டால் சுணங்கிவிடும். இரும்புப் பீரோ இரண்டுக்குமே எதிரி. மோடத்தைப் பீரோவிலிருந்து இறக்கி, ஹாலின் நடுவில் ஒரு மர ஸ்டூலில் வைத்ததுமே 3 என்பது 11 ஆனது. காசு செலவில்லை. பிறகு கடைவீதியில் 15 மீட்டர் லேன் கேபிள் வாங்கி, சுவரோரமாக இழுத்து, கம்ப்யூட்டரில் செருகினேன். 38 வந்தது. கம்ப்யூட்டரை நகர்த்த மாட்டோம் என்றால் கேபிளைப் போல் உத்தமம் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் அந்தத் தம்பி காட்டினார். பீரோவுக்குப் பின்னால் ஃபைபர் ஒயரை ஆணியில் சுற்றி மடக்கி வைத்திருந்தேன், பார்க்க நேர்த்தியாக இருக்கட்டுமே என்று. உள்ளே போவது ஒளி, இறுக்கி மடக்கினால் வளைவில் கசிந்துவிடும் என்றார். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவு மாதிரி மடக்காமல், பெரிய வட்டமாக விட வேண்டுமாம்.

மூன்றாவது, கசிவு. முசே எங்களுக்கு ஒரு குழாய்க் கணக்குப் போடுவார். ஒரு தொட்டியை ஒரு குழாய் நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது, தொட்டி எப்போது நிறையும்? அறுபது வருஷம் கழித்து அந்தக் கணக்கு என் வீட்டிலேயே நடந்தது. கேபிளில் 38 வந்த பிறகும், சாயங்காலம் கோப்பு மெதுவாகவே வந்தது. பார்த்தால், தீபாவளிக்கு வந்திருந்த மகளின் கைபேசி, எடுத்த வீடியோ எல்லாவற்றையும் தானாகவே இணையக் கிடங்குக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. என் கம்ப்யூட்டரோ பின்னால் ரகசியமாக விண்டோஸ் அப்டேட் இறக்கிக்கொண்டிருந்தது.

ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பதிவுத் தபால் இருந்த காலத்தில் ஒப்புகை அட்டை திரும்பிப் போகுமே, அது மாதிரி, வந்து சேரும் பொட்டலங்களுக்கு நம் கம்ப்யூட்டர் "வந்தது" என்று ரசீது அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறும் வழி அடைத்துக்கொண்டால் ரசீது தாமதமாகும். ரசீது வராவிட்டால் அனுப்புகிறவன் அடுத்த கட்டை நிறுத்தி வைப்பான். இரண்டையும் நிறுத்தினேன்.

நாலாவதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் எங்கே நின்றது? இரண்டு தடவையும் 66 சதவீதத்தில். கண்ட கண்ட இடத்தில் அறுந்தால் லைன் கோளாறு என்று சந்தேகிக்கலாம். அதே இடத்தில் அறுந்தால் காரணம் நம் பெட்டிக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். திறந்து பார்த்தால் என் சி டிரைவில் மிச்சம் இருந்தது 1.6 ஜிகாபைட். 2.4 எப்படி உள்ளே போகும்? மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் இடம் இல்லை என்று நிறுத்திவிட்டது. அதைச் சின்ன எழுத்தில் திரையில் எழுதியும் காட்டியிருக்கிறது. நான் படிக்காமலே மூடியிருக்கிறேன். முப்பத்தேழு வருஷம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "பாரத்துல கீழ என்ன எழுதியிருக்குன்னு படிக்க மாட்டீங்களா?" என்று எத்தனை பேரை விரட்டியிருப்பேன்.

ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தேன். தேவையில்லாத பழைய வீடியோக்களை அழித்தேன். கட்டிப் போட்ட கோப்பு என்றால் பிரிக்கும்போது மறுபடி அதே அளவு இடம் வேண்டும். ஆகவே 2.4-க்கு 5 ஜிகாபைட்டாவது வைத்துக்கொள்ளுங்கள். மோடத்தையும் இன்வெர்ட்டர் லைனில் மாற்றினேன். கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருந்து மோடத்துக்கு இல்லாவிட்டால், கரண்ட் போனதும் டவுன்லோடு அறுந்துவிடும்.

ஐந்தாவது, நம் கையில் இல்லாதது. தூரம். வேகம் அளக்கும் தளங்கள் பெரும்பாலும் பக்கத்து ஊர் சர்வரைத்தான் அளக்கும். மதுரையோ சென்னையோ. என் கோப்பு இருந்தது ஐரோப்பாவில். அங்கிருந்து இங்கே வர கடலடிக் கேபிள். சீ-மீ-வீ 4 என்று ஒன்று 2005 முதல் ஓடுகிறது. மார்செயில் கிளம்பி, எகிப்து, செங்கடல் வழியாக மும்பை, கொழும்பு, சென்னை என்று வந்து, சிங்கப்பூர் வரை சுமார் 18,800 கிலோமீட்டர். அண்ணன் கப்பலில் போன வழி ஏறக்குறைய அதுதான். 2008 ஜனவரி கடைசியில் அலெக்சாந்திரியா அருகே கேபிள்கள் அறுந்து இந்தியா முழுக்க நெட் திணறியது நினைவிருக்கலாம். 2025 செப்டம்பரிலும் செங்கடலில், ஜெத்தா அருகே, இதே கேபிள் உட்பட அறுந்தது. இவ்வளவு தூரத்தில் ரசீது போய் வர நேரமாகும். அதனால் 38 வரும் வீட்டிலும் அந்தக் கோப்பு 12 வேகத்தில்தான் வந்தது. அதற்கு நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை.

நேரத்தை மட்டும் நாம் தேர்ந்தெடுக்கலாம். இரவு ஏழு முதல் பதினொன்று வரை தெருவே படம் பார்க்கும். பழைய பிஎஸ்என்எல் பிராட்பேண்டில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில்லை என்று ஒரு திட்டம் இருந்ததே, அலாரம் வைத்து எழுந்தவர்கள் நம்மில் உண்டு. அதே பழக்கம்தான். மாதக் கடைசியில் மட்டும் திடீரென்று வேகம் படுத்தால், உங்கள் திட்டத்தின் அளவு தீர்ந்து வேகத்தைக் குறைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

ஆறாம் நாள் விடிகாலை நாலரை மணிக்கு உட்கார்ந்தேன். வெளியே மழை. வீட்டில் எல்லாக் கைபேசியும் அணைந்திருந்தது. விநாடிக்கு ஒன்றரை மெகாபைட். 66-ஐத் தாண்டும்போது எழுந்து நின்றுகொண்டேன், உட்கார முடியவில்லை. இருபத்தேழு நிமிஷத்தில் முடிந்தது.

பிறகு அண்ணன் மகனிடம் பேசியபோது இன்னொன்று தெரிந்தது. அவன் அனுப்பியது வேவ் வடிவம். நிமிஷத்துக்குப் பத்து மெகாபைட். நாலு கேசட், மொத்தம் நாலு மணி நேரம், அதுதான் 2.4 ஜிகா. அதையே எம்பி3 ஆக மாற்றியிருந்தால் பத்தில் ஒரு பங்குதான் இருந்திருக்கும், முதல் நாளே வந்திருக்கும். "நீங்க கேட்டிருந்தா மாத்திக் குடுத்திருப்பேனே சித்தப்பா" என்றான். கேட்க எனக்குத் தோன்றவில்லை. அனுப்புகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் ஒரு வைத்தியம்தான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை மனைவியையும் எழுப்பி உட்கார வைத்து முதல் கேசட்டைப் போட்டேன். முதலில் கரகரவென்று சத்தம். சேவல் கூவுகிறது. யாரோ வாளி வைக்கும் சத்தம். அப்புறம் அம்மா, "பேசலாமா? ஓடுதா?" என்று பக்கத்தில் யாரையோ கேட்கிறாள். அது நான் மறந்தே போயிருந்த குரல். மறந்திருக்கிறேன் என்பதே அதைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

மூன்றாவது கேசட்டில் தேதி சொல்லிப் பேசுகிறாள், 1986 தை மாதம். அண்ணனிடம் ஊர்க் கதையெல்லாம் சொல்லிவிட்டு, நடுவில் இது வருகிறது:

"தம்பி போடியிலேர்ந்து மாசாமாசம் பணம் அனுப்பிடுறான். ஆளுதான் வரமாட்டேங்குறான், லீவு கெடைக்கலையாம். அவனுக்கும் ஒரு கேசட்டு பேசி அனுப்பலாம்னா, அவன்ட்ட டேப்பு இல்லையாம். வாங்குறேன் வாங்குறேங்குறான்."

மனைவி என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். வாங்கவில்லை. அப்போது வாங்க முடியாத நிலையிலும் இல்லை. போடியிலிருந்து காரைக்கால் ஒரு ராத்திரிப் பயணம். மார்செயிலிருந்து வந்த பிள்ளைக்கு நாலு கேசட், ஒரு ராத்திரித் தூரத்தில் இருந்த பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. லைன்மேன் தம்பி சொன்னதுதான். வாசல் வரைக்கும் நன்றாகத்தான் வந்திருக்கிறது.

நாலு கேசட்டையும் எம்பி3 ஆக்கி இரண்டு பென்டிரைவில் போட்டுவிட்டேன். ஒன்று இங்கே பீரோவுக்குள். இன்னொன்று காரைக்காலில் இருக்கும் தங்கைக்கு. அவளுக்கு லிங்க் அனுப்பலாம் என்றாள் பேத்தி. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கார்த்திகை முதல் வாரத்தில் நானே பஸ் ஏறிப் போய்க் கையில் கொடுத்தேன். இரண்டு நாள் தங்கினோம், நாலு மணி நேரத்தையும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டோம்.

உங்கள் வீட்டுச் சி டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பழைய டப்பாவில் கேசட் ஏதும் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.